அண்ணாச்சியின் பகல் தூக்கம்

புதிதாக ஏழு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அதில் நான்கு பேருக்குத் தமிழ் பேச வரும், இரண்டு பேருக்குத்தான் படிக்க வரும் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு பேர் மற்ற இரண்டு பேருக்கு இதைப் படித்துக் காட்டவும். மிச்சம் மூன்று பேருக்கு யாராவது இந்தியில் சொல்லவும்.

இரவுப் பணிக்கு உடம்பையும் வீட்டையும் எப்படிப் பழக்குவது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செம்பூர் ஆஸ்பத்திரியில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே பிளட் பேங்கில், இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் பத்தொன்பது வருடம் இரவுப் பணி. விழித்திருந்த இரவுகள் நான்காயிரத்து எழுநூற்றுச் சொச்சம். சொச்சம் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஒரு டைரி தொலைந்துவிட்டது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நன்றாகத் தூங்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் பதினொரு வருடம் உட்கார்ந்து வயிறெரிந்தவன் நான். வயிறெரிகிறவன் அளவுக்கு யாரும் எதையும் கவனிப்பதில்லை.

உங்களுக்கு ஓய்வறையில் ஏசி போட்டிருக்கிறார்களாம். இரண்டு சோபா, கறுப்புத் திரை. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று மணிக்கட்டில் கட்டிய பட்டையே கணக்குச் சொல்கிறதாம். இதெல்லாம் நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து வந்திருக்கிறது. நன்றாக இருங்கள்.

எங்கள் காலத்தில் உள்ளறையில் ஒரு மர பெஞ்சு. இரவில் இரண்டு பேர் பணி. எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் ஒருவர் அந்த பெஞ்சில் நாற்பத்தைந்து நிமிடம் படுப்பார், மற்றவர் மேஜையைப் பார்த்துக்கொள்வார். பிறகு இடம் மாறுவோம். படுத்திருப்பவரை எழுப்பக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. அது எவ்வளவு தவறான வழக்கம் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

என் ஜோடியை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். என்னைவிட இரண்டு வருடம் நான்கு மாதம் இளையவர், நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் பி.எஸ்ஸி., அவர் டிப்ளமா. நான் மாட்டுங்காவில் அப்பா காலத்து வாடகை வீட்டில் இருந்தேன். அவர் தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்து பேரோடு இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகியும் பேச்சு மாறவில்லை. என்னை 'வே' போட்டுத்தான் பேசுவார்.

அவர் பெஞ்சில் படுத்துத் துண்டை முகத்தில் போட்டால் நாற்பது எண்ணுவதற்குள் தூங்கிவிடுவார். எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் முறை வந்தால் நான் நாற்பத்தைந்து நிமிடமும் ஃபிரிட்ஜ் மோட்டார் எத்தனை தடவை நின்று ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்பது தடவை. ஓர் இரவு கொட்டாவிகளை எண்ணினேன். நான் நாற்பத்தொன்று, அவர் மூன்று. அந்த மூன்றும் என்னைப் பார்த்து வந்தவை.

"பகல்ல எவ்வளவு தூங்குறீர் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆறு மணி நேரம் வே. ஒம்பதுல இருந்து மூணு."

"தாராவியிலயா? அந்தச் சத்தத்திலயா?"

"சத்தமா? எங்க சந்துல ஏது வே சத்தம்?"

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். மாத்திரை போடுகிறார் என்று நினைத்தேன். சாராயமோ என்றுகூடச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் வாசம்தான் வந்தது.

இப்போது என் பகலைச் சொல்கிறேன். மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் நான்கு மாடி, பதினாறு குடித்தனம். மாடிக்கு ஒரு பொது வராந்தா. அங்கே பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே சாவு அல்லது சண்டை. திறந்த கதவு வழியாகப் பார்த்தால் எங்கள் கூடம் முழுவதும் தெரியும், அதில் படுத்திருக்கும் நானும் தெரிவேன். அப்பா பாங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு வேலை மில்காரர்களுக்கும் வாட்ச்மேன்களுக்கும் உள்ளது என்பது அவர் எண்ணம். பையன் ஆஸ்பத்திரியில் ஆபீஸர், ராத்திரியும் எமர்ஜென்சி என்று கூப்பிட்டுவிடுகிறார்கள் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"பதினோரு மணிக்குக் கால நீட்டிண்டு படுத்திருந்தா நாலு பேர் என்னடா நினைப்பா?"

"நைட் டூட்டிப்பா."

"அது நமக்குத் தெரியும். போறவா வரவாளுக்குத் தெரியுமா? வேலை போயிடுத்தோன்னு நினைப்பா."

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அப்போது எனக்கு வயது ஐம்பது. கதவைச் சாத்தியிருக்கலாம். வராந்தாவில் நாலு வீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. காலை எட்டேமுக்காலுக்கு வீடு வந்து குளித்துச் சாப்பிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் கைப்பையுமாக ஒன்பதேகாலுக்கு ஆபீஸ் போகிறவன் போல இறங்கிவிடுவேன். நேராக மாட்டுங்கா ஸ்டேஷன். கல்யாண் போகும் ஸ்லோ லோக்கல். அந்த நேரத்தில் உலகமே எதிர்த் திசையில் போகும், அதனால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். கல்யாண்வரை பதினேழு ஸ்டேஷன், எழுபது நிமிடம். அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்புவேன். சீசன் டிக்கெட் வைத்திருந்தேன். போக ஒரு தூக்கம், வர ஒரு தூக்கம். காலியாக இருந்தால் இன்னொரு நடை. நாளுக்குச் சராசரி இரண்டு மணி பத்து நிமிடம் தூங்கினேன். இப்படி நான்கு வருடம்.

சிரிக்காதீர்கள். உங்களில் ஒருவர் அந்த வழியில் இருக்கும் டோம்பிவிலியிலிருந்து வருகிறவராம். எனக்கு உண்டான தூக்கம் என்று ஏதாவது இருந்தால் அது உங்கள் ஊர் தண்டவாளத்தில்தான் கிடக்கிறது.

அந்தச் சமயம் நிரந்தரப் பகல் பணி இடம் ஒன்று காலியானது. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை. ஒரே இடம், மனுப் போட்டவர்கள் இரண்டு பேர், அண்ணாச்சியும் நானும். எனக்கு அது சம்பளத்துக்காகவோ மரியாதைக்காகவோ வேண்டியிருக்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். பகலிலேயே ஆறு மணி நேரம் தூங்கும் மனிதனுக்கு இரவும் எதற்கு? இந்தக் கேள்வியோடு மூன்று வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அவர் நாற்பத்தைந்து நிமிடத்தை வெட்டத் தொடங்கினேன். முதலில் நாற்பத்து மூன்றில் எழுப்பினேன். பிறகு நாற்பது. பிறகு முப்பத்தெட்டு. உள்ளறையில் கடிகாரம் கிடையாது. அவர் எழுந்து துண்டை மடித்து வைத்துவிட்டு, "நீர் போய்ப் படும்" என்பார். நான் போய் மோட்டாரை எண்ணுவேன். அந்த ஏழு நிமிடத்தால் எனக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அவருக்குக் குறைந்தது, அது போதுமாக இருந்தது.

நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை இரவு மூன்று இருபதுக்கு, அண்ணாச்சி பெஞ்சில் இருந்தபோது, பிரசவ வார்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பத்து நிமிடம் முன்பு விபத்தில் அடிபட்ட ஒருவருடைய சாம்பிளும் வந்து ரேக்கில் இருந்தது. இரண்டுக்கும் குரூப் பார்க்க வேண்டும். பார்த்தேன். எழுதினேன். அவ்வளவு அவசரம் என்றால் முழுப் பரிசோதனை முடியும் முன்பே பை வார்டுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் நடுவில் நிற்பது நாம் எழுதும் குரூப் ஒன்றுதான். அதனால் இரண்டாவது ஆளும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. விடிந்த பிறகு போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.

ஃபோன் அடித்தது. வார்டு சிஸ்டர்.

"பிளட் கிதர் ஹை? ஜல்தி கரோ நா!" ரத்தம் எங்கே, சீக்கிரம் என்று கத்தினாள். பின்னால் ஒரு தள்ளுவண்டி ஓடும் சத்தம் கேட்டது.

"பேஜ்தா ஹூன்," அனுப்புகிறேன் என்றேன்.

ஃபிரிட்ஜைத் திறந்து பி குரூப் பை இரண்டு எடுத்தேன். எடுத்த பிறகு மிச்சத்தை எண்ணி எழுத வேண்டும். எண்ணினேன், பதின்மூன்று. எழுதப்போகும்போது சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன், பன்னிரண்டு. மூன்றாவது தடவை பதினான்கு.

உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்கள் கட்டடத்துப் படி அறுபத்து நான்கு என்பதை நினைக்காமல் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. பொட்டலத்தில் இருக்கும் நேந்திரங்காய் வறுவலை எண்ணித்தான் தின்பேன். ஐம்பது வயதுவரை எனக்கு எண்ணிக்கை தவறியதில்லை. பதின்மூன்று, பன்னிரண்டு, பதினான்கு. ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் முகத்தில் அடித்தது. இந்தக் கண்ணால்தானே குரூப்பையும் பார்த்தேன் என்று தோன்றியது.

அண்ணாச்சியை எழுப்ப வேண்டும். உள்ளறைக் கதவு நான்கு எட்டு தூரம். அந்த இடத்தில் நான் நின்ற நேரத்தை உங்களுக்கு உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் நின்றேன். ரத்தம் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைத்து நிற்கவில்லை. திங்கட்கிழமையை நினைத்தேன். தூங்கி எழுந்து தெளிவாக வந்து என் தப்பைக் கண்டுபிடிக்கப்போகும் அந்த முகத்தை நினைத்தேன். கண்டுபிடித்தால் அவருக்குத்தான் இடம்.

இரண்டாவது தடவை ஃபோன் அடித்தது. நான் அதை எடுக்காமல் உள்ளே போய் அவர் தோளைத் தட்டினேன்.

"என்ன வே?"

"என்னால எண்ண முடியல."

எட்டு எண்ணுவதற்குள் மேஜைக்கு வந்துவிட்டார், கண்ணில் தூக்கத்தின் அடையாளமே இல்லை. அந்த நேரத்திலும் அதைப் பார்த்து எரிந்தது எனக்கு. நான் எழுதியதைப் பார்க்காமல், இரண்டு சாம்பிளையும் முதலிலிருந்து தானே பார்த்தார். ஃபோனை எடுத்து, "ஆறு நிமிசம் குடும்மா, தப்பாக் குடுக்குறதுக்கு லேட்டாக் குடுக்கறது மேல்," என்று சிஸ்டரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்தார். அவள் மலையாளி, புரிந்திருக்கும்.

அந்தப் பெண் ஓ குரூப். விபத்துக்காரர் பி. நான் அவர் குரூப்பை இவள் சீட்டில் எழுதியிருந்தேன். என் கையில் இருந்த இரண்டு பையில் ஒன்று போயிருந்தாலும் அவள் விடியலைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஓ பைகளை அண்ணாச்சியே எடுத்துக்கொண்டு படியில் ஓடினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிழைத்தாள். காலை ஆறு மணிக்கு வார்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

தவறாகப் பார்த்துத் திருத்தியதை எழுத ஒரு தனி நோட்டு உண்டு, இப்போதும் இருக்கும். திங்கட்கிழமை பிளட் பேங்குக்குப் பொறுப்பான டாக்டர் மேடம் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவார். அண்ணாச்சி அந்த நோட்டை என் முன்னால் வைத்தார்.

"நான் சரியான சீட்டுல கையெழுத்துப் போட்டாச்சு. இதுல எழுதுறதும் எழுதாததும் உம்ம இஷ்டம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஏன்?"

"எழுப்பினீர்ல. அது போதும் எனக்கு."

எழுதினேன். நேரம், சாம்பிள், என் பெயர், எழுப்பத் தாமதித்த அரை நிமிடம் எல்லாவற்றையும் எழுதினேன். நேர்மையான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதாமல் விட்டு அந்த இடம் எனக்குக் கிடைத்தால், ஓய்வு பெறும்வரை இரவில் நான் தூங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கொடுத்ததாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. சரியான காரியத்தைச் சில சமயம் இப்படியும் செய்ய நேரும். காரணத்தைத் துருவிக்கொண்டிருக்க நேரம் இல்லாதபோது காரியத்தைச் செய்துவிடுங்கள்.

திங்கட்கிழமை மேடம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வியாழக்கிழமை பகலில் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?"

"இரண்டு மணி ஐந்து நிமிடம்."

"எங்கே?"

"காட்கோபர் தாண்டி ஆரம்பித்து, திரும்பி வரும்போது குர்லாவரை."

பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். இடம் அண்ணாச்சிக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு நான் அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் தலை வாரி, நெற்றியில் ஈரத்தோடு வருவார். நான் எண்ணெய் வழிய நிற்பேன். மூன்றாவது நாள் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"எங்க வீட்டு மாளா பகல்ல சும்மாத்தான் கெடக்கு வே. வந்து படும்."

அறைக்குள்ளேயே பலகை அடித்து ஏணி வைத்த அரை மாடியை அங்கே மாளா என்பார்கள். நிமிர்ந்து உட்கார முடியாது, படுக்கலாம்.

"எனக்கு வீடு இருக்கு அண்ணாச்சி."

"வீடு இருக்கு. படுக்க எடம் இருக்கா?"

இடத்தையும் எடுத்துக்கொண்டு இரக்கமும் காட்டுகிறானே என்று பஸ்ஸில் வழி முழுக்கப் பொருமினேன். மனதுக்குள் 'அவன்' ஆகிவிட்டார். ஒன்பது நாள் போகவில்லை. பத்தாவது நாள் லோக்கலில் அசந்து தூங்கி, விழித்தபோது வண்டி கல்யாண் யார்டில் ஓரம் கட்டி நின்றது. பெட்டியில் ஒரு ஈ இல்லை. கூட்டுகிற பெண் துடைப்பத்தால் என் செருப்பைத் தட்டினாள்.

"காகா, கர் நஹி ஹை க்யா?" பெரியவரே, வீடு இல்லையா என்கிறாள். இஸ்திரிச் சட்டை, கைப்பை, உள்ளே காலி டிபன் டப்பா. இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு எட்டு.

மறுநாள் காலை சயானில் இறங்கி அண்ணாச்சி சொன்ன வழியில் போனேன். சந்தில் என் இரண்டு கையை விரித்தால் சுவரைத் தொடும். பதினொரு வீடு. எதிர்வீட்டில் செல்லக்கனி அக்கா இட்லி அவித்து விற்கிறவர். வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சிய ஏழு நிமிசம் முன்னாடியே எழுப்பிவிடுத சார் நீங்கதானா?"

அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் சொல்லியிருக்கிறார், வீடு சந்துக்குச் சொல்லியிருக்கிறது. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏறிப் படுங்க," என்றார் அக்கா. "மூணு மணி வரைக்கும் ஒரு பய சத்தம் போட மாட்டான்."

படுத்தேன். மேலே தகரம், தகரத்துக்கு அடியில் அண்ணாச்சி தெர்மோகோல் அட்டை ஒட்டியிருந்தார். துண்டை முகத்தில் போட்டேன். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். பக்கத்து அறையில் நான்கு தையல் மெஷின் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். ஒன்றும் ஓடவில்லை. ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம், அதுவும் துணிமேல் வைத்ததுபோல. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மூன்று மணிக்கு மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடி எழுப்பியது. ஐந்து மணி நாற்பது நிமிடம்.

கீழே இறங்கியதும் அக்காவிடம் கேட்டேன், இது எப்படி என்று. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"ராத்திரி டூட்டி போட்ட மொத வாரம் அவரு வீடு வீடா வந்து கேட்டாரு. ராத்திரி ரத்தம் எடுத்துக் குடுக்குற வேல, பகல்ல ஒறங்கலைன்னா எவஞ் சாவு எங்கையில, ஒம்பதுல இருந்து மூணு எனக்குத் தாங்கன்னாரு. நான் பத்து மணிக்கு மாவாட்டுவேன். மூணுக்கு மாத்திக்கிட்டேன். தையக்காரப் பயலுவ காலையில துணி வெட்டுவானுவ, மூணுக்கு மேல தைப்பானுவ. அவ்வளவுதான?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ரெண்டு வீடு மொறச்சுது. அதுல ஒரு வீட்டுக்குப் பொறவு ஆஸ்பத்திரில ரத்தம் வேண்டி வந்துச்சு. நீங்க உங்க பில்டிங்ல கேக்கலியா?"

பதினாறு குடித்தனம். கேட்டால் கொடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கொடுக்க மாட்டார்கள் என்று முடிவு செய்து நான்கு வருடம் கல்யாணுக்குப் போய் வந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். பணி முடிந்து போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெயில் கண்ணில் பட்டால் தூக்கம் போய்விடும். விடியற்காலை மூன்றுக்கு மேல் டீ வேண்டாம். வந்ததும் வயிறு முட்டத் தின்னாதீர்கள். விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் படுங்கள். இவற்றையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன், தூங்கவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் மாடியில் கதவு கதவாகத் தட்டி, நான் இரவு வேலை பார்க்கிறேன், இந்த மணியிலிருந்து இந்த மணிவரை எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் இன்னும் வெட்கமாக இருக்கும். இன்னொன்று, பணியில் கண் ஏமாற்றுகிறது என்று தெரிந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள். அவர் யாராக இருந்தாலும், அவரை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

அந்த மாளாவில் எட்டு வருடம் தூங்கினேன், ஓய்வு பெறும் நாள்வரை. அப்பாவிடம் தாராவியில் பகல் நேர வேலை என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றைத்தான் திருத்திக்கொள்ளவில்லை. முதல் மாதம் அந்தச் சந்தில் யாருக்கும் நான் ஒரு பொருட்டில்லை. அண்ணாச்சி அனுப்பிய ஆள், அண்ணாச்சிக்காகச் சும்மா இருந்தார்கள். ஏணியில் இறங்கும்போது, "அண்ணாச்சி எப்படி இருக்காரு, பகல் வேல ஒத்துக்கிட்டா?" என்று என்னையே கேட்பார்கள். அமைதியில்கூட அவர் பெயர்தான் இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் நடந்தது. அண்ணாச்சிக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. பதினொரு வருடம் பகலில் தூங்கிய உடம்பு. இரவு ஒன்பதுக்குச் சந்து விழித்துக்கொண்டு கூத்தாடும், அதற்கு அவர் ஒன்றும் கேட்டு வைக்கவில்லையே. காலை எட்டு மணி ஒப்படைப்பில் கண் சிவந்து வருவார். ஒரு நாள் பத்து நிமிடத்தில் பதினேழு கொட்டாவி விட்டார். எண்ணினேன். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு நல்ல காற்று வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனி இரவுப் பணி முடித்து வந்து படுத்தவன் ஒன்றேகாலுக்கு விழித்துக்கொண்டேன். நான்கு மணி நேரம் ஆகியிருந்தது, போதும் என்றிருந்தது. இறங்கலாம் என்று துண்டை எடுத்தபோது கீழே சந்தில் அண்ணாச்சி குரல். சர்ச்சுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு மணி நேரம் மேல போய்ச் சாயுதேன்க்கா. ராத்திரி பூரா கண்ண மூடல."

"மெல்லப் பேசும்," இது செல்லக்கனி அக்கா. "மேல சார் ஒறங்குதாரு."

"அது என் வீடுக்கா."

"வீடு உமக்குள்ளதுதான். யாரு இல்லன்னா? மூணு மணிவரைக்கும் அவருக்குள்ளது. ராத்திரி டூட்டிக்காரரு. ஒறங்கலைன்னா எவஞ் சாவுன்னு நீருதான சொன்னீரு? போயி டீக்கடையில இரும்."

அவர் செருப்பு சந்தில் தேய்ந்து போகும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் போனார், சத்தம் வராமல்.

கூப்பிட்டிருக்கலாம். நான் விழித்துவிட்டேன் அண்ணாச்சி, வாரும் என்று ஒரு வார்த்தை. மாளாவில் இரண்டு பேர் படுக்க இடம்கூட இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபது. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, மூன்று மணிவரை கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தேன்.